தனக்குத்தானே பேசுவதும் பாடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரும் இல்லாத அறையில் வாய்விட்டுப் பேசுவது, வேலைக்கு நடுவே ஒரு பல்லவியை முணுமுணுப்பது, குளிக்கும்போது குரலெடுத்துப் பாடுவது ஆகியவை குறித்துப் பலரும் சற்றுத் தயங்கியே கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

நான் தனியாக இருக்கும்போது எனக்குள்ளேயே பேசிக்கொள்கிறேன். சில நேரம் வாய்விட்டும் பேசிவிடுகிறேன். இது மனநோயின் அறிகுறியா?

இல்லை. பேசுவதும் நானே, கேட்பதும் நானே என்பது பேசுகிறவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும் வரை அதில் நோய் எதுவும் இல்லை. “தானாகப் பேசிக்கொண்டு திரிகிறான்” என்பது நம் பேச்சுவழக்கில் ஒரு வசையாக நிலைத்துவிட்டதால், சமையலறையில் தனியாக நின்று “உப்புப் போட்டேனா, இல்லையா?” என்று கேட்டுக்கொள்பவருக்குக்கூட ஒரு கணம் சந்தேகம் வந்துவிடுகிறது. மருத்துவர்கள் கவலையோடு விசாரிப்பது வேறொன்றை: அருகில் யாரும் இல்லாதபோது வேறொருவருடைய குரல் காதில் விழுகிறதா என்பதை. அது எப்படி வேறுபடுகிறது என்பதைக் கீழே தனிக் கேள்வியில் பார்க்கலாம்.

இந்தப் பழக்கம் புதிதும் அன்று. திருக்குறளின் 125-ஆவது அதிகாரத்துக்கு ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்றே பெயர். பிரிவில் வாடும் தலைவி தன் நெஞ்சை எதிரில் உட்காரவைத்து அதனோடு வாதாடும் பத்துக் குறள்கள் அதில் உள்ளன.

சிறு பிள்ளைகள் விளையாடும்போது ஓயாமல் தங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்களே, அது ஏன்?

இந்தக் கேள்வியில்தான் மற்ற பல கேள்விகளுக்கான பதிலும் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே 1923-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பேச்சுக்குத் ‘தன்மையப் பேச்சு’ என்ற பொருள்படப் பெயரிட்டார். பிறர் நிலையிலிருந்து பார்க்க இன்னும் கற்றுக்கொள்ளாத குழந்தை, கேட்பவருக்குப் புரிகிறதா என்ற கவலையில்லாமல் பேசுகிறது என்றும், பிறரோடு பழகப் பழக இது உதிர்ந்துபோகும் என்றும் அவர் கருதினார். சோவியத் உளவியலாளர் லேவ் விகோத்ஸ்கி இதை மறுத்தார். காசநோயால் 37 வயதிலேயே இறந்துபோன அவருடைய முக்கிய நூல், அவர் இறந்த 1934-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அவருடைய பார்வையில் இந்தப் பேச்சு உதிர்வதில்லை, உள்ளே இறங்குகிறது. முதலில் பெரியவர்கள் குழந்தையிடம் “மெதுவாக, இரண்டு கையாலும் பிடி” என்கிறார்கள். அடுத்து அதே சொற்களைக் குழந்தை தனக்கே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறது. பிறகு அது முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, இறுதியில் ஓசையில்லாத எண்ணமாகிறது.

இதற்கு அவர் காட்டிய சான்று எளிமையானது. குழந்தை படம் வரையத் தொடங்கும் நேரத்தில் தேவையான பென்சிலையோ தாளையோ இல்லாமல் செய்துவிட்டால், அது தனக்குத்தானே பேசும் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. நீலப் பென்சில் கிடைக்காத ஒரு குழந்தை, சிவப்பால் வரைந்து தண்ணீரால் நனைத்தால் அது கறுத்து நீலம்போலத் தெரியும் என்று தனக்கே சொல்லிச் சமாளித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். தடங்கல் வரும்போது பேச்சு கூடுகிறது என்றால், அந்தப் பேச்சு ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது என்றுதானே பொருள்?

மூன்று முதல் ஏழு வயது வரை இது மிகுதியாக இருக்கும். அந்த வயதுக் குழந்தையை “சும்மா இருந்து செய்” என்று அதட்டுவது, கணக்குப் போடுகிறவர் கையிலிருந்து தாளைப் பிடுங்குவதற்குச் சமம் என்பது என் கருத்து.

அப்படியானால் வளர்ந்த பிறகும் அந்தப் பேச்சு ஏன் வெளியே வருகிறது?

வாய்விட்டுப் பேசுவதுதான் முதலில் வந்தது, மௌனமாக எண்ணுவது பின்னால் கற்றுக்கொண்டது என்று வைத்துக்கொண்டால் இதில் வியப்பில்லை. சுமை கூடும்போது நாம் பழைய வழிக்குத் திரும்புகிறோம். அறிமுகமில்லாத ஒரு கருவியைப் பொருத்தும்போது “இது இங்கே… இல்லை, இல்லை, முதலில் அந்தத் திருகாணி” என்று நம்மை அறியாமல் பேசுகிறோம். அதே வேலையைப் பத்தாவது முறை செய்யும்போது வாய் தானாக மூடிக்கொள்கிறது.

நினைவாற்றலும் இதில் சேர்கிறது. ஆலன் பாடிலி, கிரகாம் ஹிச் ஆகிய இரு உளவியலாளர்களும் 1974-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, கேட்ட சொற்களையும் எண்களையும் சற்று நேரம் பிடித்துவைக்க மூளையில் ஒலிக்கென்றே ஒரு சிறு சுற்று இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு விநாடிகளில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் அதில் தங்கும். திரும்பத் திரும்பச் சொல்லாவிட்டால் அதுவும் கரைந்துபோகும். கைப்பேசிக்கு வந்த ஆறிலக்க ஓடிபியைப் பார்த்துவிட்டு, அடுத்த அறையிலிருக்கும் கணினிக்கு “ஏழு, மூன்று, ஒன்பது, ஒன்பது…” என்று முணுமுணுத்தபடி விரையும்போது நாம் அந்தச் சுற்றைத்தான் சுழலவிட்டுக்கொண்டிருக்கிறோம். வழியில் யாராவது “மணி என்ன ஆகிறது?” என்று கேட்டுவிட்டால் எண் போய்விடும். கேட்டவர்மீது வரும் கோபம் முற்றிலும் நியாயமானது. வாயில் இருந்ததை அவர் தட்டிவிட்டார்.

தொலைந்த பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டே தேடினால் கிடைக்குமா?

சில பொருள்கள் விரைவாகக் கிடைக்கும். கேரி லுப்யான், டேனியல் சுவிங்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பல பொருள்களின் படங்களுக்கு நடுவே குறிப்பிட்ட ஒன்றைத் தேடச் சொன்னார்கள்; ஒரு சுற்றில் மௌனமாகவும் மற்றொரு சுற்றில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியபடியும் தேட வேண்டும். பெயரைக் கேட்டதும் உருவம் சட்டென்று மனத்தில் எழும் பொருள்களை, வாழைப்பழம் போன்றவற்றை, சொல்லிக்கொண்டு தேடியவர்கள் வேகமாகக் கண்டுபிடித்தார்கள். பெயருக்கும் தோற்றத்துக்கும் அவ்வளவு நெருக்கமான தொடர்பில்லாத பொருள்களில் இந்த ஆதாயம் கிடைக்கவில்லை. சொல்வது இடைஞ்சலாகக்கூட இருந்தது.

ஆகவே “சாவி, சாவி” என்று சொல்லித் தேடலாம். “அந்த முக்கியமான காகிதம்” என்று சொல்லித் தேடுவதில் பயனிருக்காது, ஏனென்றால் எல்லாக் காகிதமும் காகிதமாகவே இருக்கும். “ஓரம் மடிந்த பச்சைக் காகிதம்” என்று சொல்லிப் பாருங்கள். என் மூக்குக் கண்ணாடியைக் “கண்ணாடி, கண்ணாடி” என்று வீடு முழுக்கச் சொல்லித் தேடி, கடைசியில் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்ததைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகம் வெளியே கிளம்பிய பிறகு வருகிறது. பேசுவது இதற்கு உதவுமா?

நன்றாகவே உதவும். பழகிப்போன செயல்களைக் கை தானாகச் செய்துவிடுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. அதனால் செய்தது உண்மை என்றாலும் செய்ததன் நினைவு பதிவதில்லை. ஜப்பானிய ரயில்வே ஊழியர்கள் இதற்கு ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். சிக்னலைச் சுட்டுவிரலால் காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லி, அதன் பிறகே வண்டியை நகர்த்துவார்கள். பயணிகளுக்கு நாடகம்போலத் தெரியும் இந்தப் பழக்கத்தை அந்நாட்டின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் சோதித்துப் பார்த்தது. எளிய பணி ஒன்றில், சுட்டாமலும் சொல்லாமலும் செய்தபோது நிகழ்ந்த தவறுகள், இரண்டையும் சேர்த்துச் செய்தபோது ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தன.

கனடாவின் காலின் மெக்லாட் குழுவினர் நினைவாற்றல் பக்கமிருந்து இதையே அணுகினார்கள். ஒரு பட்டியலில் உள்ள சொற்களில் வாய்விட்டுப் படித்தவை, மௌனமாகப் படித்தவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன. அடுத்து வந்த ஓர் ஆய்வில் மௌனமாகப் படிப்பது, பிறர் படிக்கக் கேட்பது, தன் குரலின் பதிவைக் கேட்பது, தானே வாய்விட்டுப் படிப்பது என நான்கையும் ஒப்பிட்டபோது கடைசி முறையே முதலிடம் பெற்றது. உதடும் நாக்கும் அசைந்தது, காதில் ஒலி விழுந்தது, அந்தக் குரல் என்னுடையது என்பது தெரிந்தது ஆகிய எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

ஆகவே பூட்டைத் திருகும்போதே “பூட்டிவிட்டேன், வெள்ளிக்கிழமை காலை” என்று சொல்லிவிடுங்கள். கிழமையைச் சேர்ப்பது முக்கியம். இல்லையென்றால் நினைவில் இருப்பது இன்று பூட்டியதா நேற்றுப் பூட்டியதா என்ற அடுத்த சந்தேகம் வந்துவிடும். சொல்லியும் சந்தேகம் தீராமல், திரும்பத் திரும்ப வந்து பார்த்தே நாளின் பெரும்பகுதி கழிகிறது என்றால் அது வேறு சிக்கல். அதற்கு மனநல மருத்துவரின் உதவி பயன் தரும்.

என்னோடு பேசும்போது “நான்” என்று சொல்கிறேன், சில நேரம் “டேய், உனக்கு இது தேவையா?” என்று என்னையே கேட்கிறேன். இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, வேறுபாடு பெரிது. ஈதன் கிராஸும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடையேறிப் பேசுவதுபோன்ற பதற்றமான நிகழ்வுக்கு முன் சிலரைத் தம் உணர்வுகளை “நான்” என்று எண்ணிப் பார்க்கவும், மற்றவர்களைத் தம் பெயரையோ “நீ” என்பதையோ பயன்படுத்தி எண்ணிப் பார்க்கவும் சொன்னார்கள். பெயர் சொல்லிப் பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது, பேச்சும் நன்றாக அமைந்தது, முடிந்த பிறகு அதையே நினைத்து வருந்துவதும் குறைந்தது. ஜேசன் மோசர் தலைமையில் 2017-இல் வெளிவந்த ஆய்வு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, மூன்றாம் ஆளைப்போலத் தன்னைக் குறிப்பிடும்போது உணர்ச்சிக் கொந்தளிப்பு ஒரு விநாடிக்குள்ளேயே தணியத் தொடங்குவதைக் காட்டியது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நண்பனுடைய சிக்கலுக்கு நம்மிடம் எப்போதும் நிதானமான யோசனை இருக்கிறது, நம் சிக்கலுக்குத்தான் இருப்பதில்லை. பெயர் சொல்லி அழைத்ததும் நாம் ஒரு படி விலகி நின்று நமக்கே நண்பராகிவிடுகிறோம். இந்த விஷயத்தில் தமிழ் கொஞ்சம் கூடுதலாகவே கைகொடுக்கிறது என்று நினைக்கிறேன். “டேய்” என்றும் “அடியே” என்றும் “மனசே, சும்மா இரு” என்றும் உரிமையோடு அழைக்க நமக்கு விளிகள் இருக்கின்றன. “பொறு, பார்த்துக்கலாம்” என்று ஒருமையில் தேற்றவும் முடிகிறது. தன்னைத்தானே “நீங்கள்” என்று மரியாதையாக விளித்துக்கொள்பவரை நான் இதுவரை கண்டதில்லை.

நான் பெரும்பாலும் என்னைத் திட்டிக்கொள்ளத்தான் பேசுகிறேன். அதனால் கெடுதல் உண்டா?

பால் பொங்கி வழிந்ததும் “அறிவிருக்கா உனக்கு?” என்று கேட்டுக்கொண்டு அடுத்த நிமிடமே அடுப்பைத் துடைக்கத் தொடங்குவதால் கெடுதல் இல்லை. “நான் எதற்கும் லாயக்கில்லை” என்பதே பல நாள் பல்லவியாகத் திரும்புகிறது என்றால் கவனிக்க வேண்டும், ஏனென்றால் செய்த காரியத்தைத் திட்டுவதும் செய்தவரை முழுமையாகத் தள்ளுபடி செய்வதும் ஒன்றல்ல. முன்னதிலிருந்து அடுத்த முறை என்ன செய்யலாம் என்பது கிடைக்கும். பின்னதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை, மனச்சோர்வு மட்டும் வேர்விடும்.

விளையாட்டு வீரர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நுணுக்கமான அசைவு தேவைப்படும் பணிகளில் “உன்னால் முடியும்” என்ற பொதுவான ஊக்கச் சொல்லைவிட, “முழங்கையை உயர்த்து, பந்தைப் பார்” என்பதுபோலச் செய்ய வேண்டியதைச் சொல்லும் சொற்களே கூடுதல் பயன் தருகின்றன என்று தெரிந்தது. திட்டு வாயில் வரும்போது அதை ஒரு குறிப்பாக மாற்றிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

எல்லோருக்கும் மனத்துக்குள் ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்குமா?

இருக்காது. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட், பங்கேற்பாளர்களிடம் ஒரு சிறு பீப்பரைக் கொடுத்து, அது எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கும்போது அந்தக் கணத்தில் மனத்தில் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சராசரியாக நான்கில் ஒரு பங்குக் கணங்களில் மட்டுமே அகப்பேச்சு இருந்தது. சிலரிடம் அது பெரும்பாலான கணங்களில் இருந்தது, சிலரிடம் அறவே இல்லை. மற்ற கணங்களில் காட்சிகளும் உணர்ச்சிகளும் சொல்லாக உருப்பெறாத எண்ணங்களும் இருந்தன. காது கேளாதவர்கள், சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்றால், தனியே இருக்கும்போது கைகளால் தங்களோடு பேசிக்கொள்கிறார்கள்.

குளியலறையில் பாடினால் என் குரல் ஏன் அவ்வளவு இனிமையாக இருக்கிறது?

பெருமளவு பாராட்டு சுவர்களுக்குச் சேர வேண்டியது. துணி, திரை, மெத்தை, புத்தகம் ஆகிய யாவும் ஒலியைக் குடிக்கின்றன. பளபளப்பான ஓடு பதித்த சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் ஓரிரு பங்கை மட்டுமே உறிஞ்சி மீதியைத் திருப்பி அனுப்புகிறது. பாடி முடித்த ஸ்வரம் உடனே அறுந்து விழாமல் சற்று நேரம் தொங்கி நிற்பதால் அடுத்த ஸ்வரம் அதன் மேலேயே வந்து அமர்கிறது. சிறு இடைவெளிகளும் நடுக்கங்களும் மூடப்படுகின்றன. இசையரங்குகளைக் கட்டுகிறவர்கள் கணக்குப் போட்டு வரவழைக்கும் கார்வையின் சிறு மாதிரி இது.

இரண்டாவது காரணம் அறையின் அளவு. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 1.7 மீட்டர் இடைவெளி இருக்கிறது என்று கொள்வோம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் செல்வதால், அந்த இடைவெளியில் அலை கச்சிதமாகப் பொருந்தி வலுப்பெறும் முதல் அதிர்வெண் சுமார் 100 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 200, 300 ஆகியவையும் வலுப்பெறும். ஆண்களின் இயல்பான பேச்சுக் குரல் 100 முதல் 130 ஹெர்ட்ஸ் அளவிலும் பெண்களின் குரல் 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருப்பதால், குரலின் சில ஸ்வரங்களை அறையே தாங்கித் தூக்கிக் கொடுக்கிறது. வேண்டுமானால் கீழ் ஸ்தாயியிலிருந்து மெல்ல மெல்ல மேலே இழுத்து முனகிப் பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் அறை முழுவதும் கூடச் சேர்ந்து முழங்கும். அந்த இடத்தையே ஆதார சுருதியாக வைத்துக்கொண்டு பாடுகிறவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அதை அறியாமலே. கதவில் நான்கு கனத்த துண்டுகளைத் தொங்கவிட்டால் பாதி வித்துவம் போய்விடும்.

மூன்றாவதாக, தண்ணீர் விழும் இரைச்சல் நம் பிசிறுகளை நம்மிடமிருந்தே மறைக்கிறது. நான்காவது, தாழ்ப்பாள்.

அதே பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் வேறு யாரோ பாடியதுபோல இருக்கிறதே?

பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்புகள் வழியாகவும் உள்காதை அடைகிறது, எலும்பு கீழ் ஸ்தாயி அதிர்வுகளை நன்றாகக் கடத்துகிறது. பதிவில் காற்று வழி வந்தது மட்டுமே இருப்பதால் குரல் மெலிந்து ஒலிக்கிறது. மற்றவர்கள் கேட்டுவந்தது எப்போதும் அந்தக் குரலைத்தான்.

ஒரே ஒரு வரி நாள் முழுவதும் மண்டைக்குள் சுற்றுகிறது. அதை எப்படி வெளியேற்றுவது?

இது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது. ஃபின்லாந்தில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஓர் இணையக் கணிப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி நேர்வதாகச் சொன்னார்கள். வேகமான, பழக்கமான ஏற்ற இறக்கம் கொண்ட, அதே நேரத்தில் எங்கோ ஓர் எதிர்பாராத தாவல் உள்ள மெட்டுகளே இப்படி ஒட்டிக்கொள்கின்றன. நடைப்பயிற்சி, பாத்திரம் கழுவுதல்போலக் கை மட்டும் வேலை செய்து மனம் சும்மா இருக்கும் நேரங்கள் அவற்றுக்கு உகந்தவை.

பலருக்குப் பயன்படும் வழி, அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை முழுமையாகக் கேட்டுவிடுவது. நமக்குப் பெரும்பாலும் பல்லவி மட்டும் தெரியும், சரணத்தில் தடுக்கி மறுபடி பல்லவிக்கே வந்து விழுகிறோம். மற்றொரு வழி சற்று விநோதமானது: சூயிங்கம் மெல்லுவது. ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், மென்றுகொண்டிருந்தவர்களுக்குப் பாட்டு மண்டைக்குள் தலைகாட்டுவது குறைந்தது. மனத்துக்குள் பாடும்போதும் நாக்கும் தாடையும் ஓரளவு பங்கெடுப்பதால், அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் உள்ளிருக்கும் பாடகர் தடுமாறுகிறார் என்பதே இதற்கான விளக்கம். முன்னே சொன்ன ஓடிபி எண்ணுக்கு நேர்ந்த அதே கதிதான் இந்தப் பாட்டுக்கும், இங்கே அது நமக்குச் சாதகமாக நேர்கிறது.

எனக்குச் சுருதியே சேராது. நான் பாடலாமா?

தனக்காகப் பாடுவதற்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. ஆனால் “எனக்குச் சுருதி சேராது” என்பவர்களில் பெரும்பாலானோர் தம்மைத் தவறாக மதிப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்வரங்களின் வேறுபாட்டையே உணர முடியாத பிறவிக் குறைபாடு உண்மையில் நூற்றில் ஓரிருவருக்குத்தான் இருக்கிறது. சிமோனே தல்லா பெல்லாவும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியே இல்லாத சாதாரண மக்களைப் பாடவைத்துப் பதிவு செய்தபோது, அவர்கள் தொழில்முறைப் பாடகர்களைவிட வேகமாகப் பாடினார்கள். அந்த வேகத்தில்தான் சுருதி பிசகியது. காலத்தைக் குறைத்து நிதானமாகப் பாடச் சொன்னதும் பெரும்பாலானோர் பாடகர்களுக்கு இணையாகச் சரியாகப் பாடினார்கள். கூச்சத்தில் விரட்டிக்கொண்டு பாடுவதை விட்டுவிட்டுக் காலப்பிரமாணத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்.

வாயை மூடிக்கொண்டு முனகுவது உடலுக்கு நல்லது என்கிறார்களே?

அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணமாக மூச்சை விடுவதோடு ஒப்பிட்டால் முனகிக்கொண்டே மூச்சை விடும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு கூடுவதைக் கண்டார்கள். அதிர்வு காரணமாக முகத்தின் எலும்பறைகளிலிருக்கும் காற்று வேகமாக வெளியேறி மாறுகிறது என்பதே அதன் பொருள். அதைக் கொண்டு முனகல் எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்வது கட்டுக்கதை. நீண்ட, நிதானமான வெளிமூச்சு மனத்தை அமைதிப்படுத்தும் என்பதில் ஐயமில்லை, முனகும்போது மூச்சு நீளத்தான் செய்யும்.

வேலை செய்யும்போது பாடினால் கவனம் சிதறுமா?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. துணி மடிப்பது, காய் நறுக்குவது, சுவருக்கு வண்ணம் பூசுவதுபோன்ற கைவேலைகளுக்குப் பாட்டு துணைதான்; சலிப்பைப் போக்கும், தாளம் கையின் வேகத்தைச் சீராக்கும். படிப்பது, எழுதுவது, கூட்டிக் கழிப்பதுபோன்றவற்றுக்கு முன்னே சொன்ன அதே ஒலிச்சுற்று தேவைப்படுவதால், பாட்டின் சொற்கள் அங்கே இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்போது சொல்லில்லாத மெட்டை முணுமுணுப்பது இடையூறு குறைந்தது. நீளமான கணக்கு என்றால் அதையும் விட்டுவிடுவது நல்லது.

பேச்சை இழந்தவர்கள் சிலர் பாடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கி, “தண்ணீர்” என்ற ஒரு சொல்லையும் சொல்ல முடியாமல் தவிக்கும் சிலர், இளமையிலிருந்து பழகிய பாட்டை யாராவது தொடங்கிவைத்தால் சொற்களோடு சேர்ந்து பாடிவிடுகிறார்கள். மனப்பாடமான பாட்டுக்கு வலப்பக்க மூளையின் ஆதரவும் இருப்பது இதற்கு ஒரு விளக்கம். தேவையான வாக்கியங்களை ராகம்போல இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்லவைக்கும் சிகிச்சை முறை 1973-இலிருந்து வழக்கில் இருக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரோடு சேர்ந்து பாடிப் பாருங்கள்; பேச்சுப் பயிற்சியாளரிடமும் இதைப் பற்றிக் கேளுங்கள்.

தனியாக இருக்கும் வயதான தந்தை, மறைந்த தாயோடு பேசுகிறார். கவலைப்பட வேண்டுமா?

பல ஆண்டு உடன் வாழ்ந்தவரிடம், அவருடைய படத்தைப் பார்த்து அன்றைய செய்தியைச் சொல்வது துயரத்தின் இயல்பான வடிவம். தாயார் இல்லை என்பது அவருக்குத் தெரியும், தெரிந்தே பேசுகிறார். “அப்பா, யாரிடம் பேசுகிறீர்கள்?” என்று அதிர்ந்து கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசலாம். ஆனால் தாயார் அடுத்த அறையில் இருப்பதாக நம்பித் தேடினாலோ, யாரோ அறையில் நிற்பதாகச் சுட்டிக்காட்டினாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பமாகப் பேசத் தொடங்கினால் தாமதிக்கவே கூடாது. முதியவர்களிடம் அது நோய்த்தொற்றாலோ மருந்துகளின் விளைவாலோ வரக்கூடும்.

அப்படியானால் எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வேறொருவரின் குரல் வெளியிலிருந்து வருவதுபோலக் கேட்கும்போது. அது கட்டளையிடும்போது, குறிப்பாகத் தன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொல்லும்போது உடனடியாக. பேச்சோடு உறக்கமின்மை, அச்சம், பிறரைச் சந்தேகித்தல், வீட்டைவிட்டு வெளியேற மறுத்தல் ஆகியவை சேர்ந்து வரும்போது. நம் பேச்சு நம்முடையதே என்று மூளை எப்படி அறிகிறது என்பது இங்கே பொருந்தும். பேசத் தொடங்கும்போதே மூளை அதன் நகலொன்றைக் கேட்கும் பகுதிக்கு முன்கூட்டி அனுப்பிவைப்பதால், வரும் ஒலி அங்கே ஆச்சரியம் தருவதில்லை. அந்த முன்னறிவிப்பு தவறும்போது சொந்த அகப்பேச்சே அயலார் குரலாகத் தோன்றக்கூடும் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கிய விளக்கங்களில் ஒன்று. இத்தகைய குரல்களுக்குச் சிகிச்சை உண்டு, முன்னதாகத் தொடங்கினால் பலன் கூடும்.

பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது?

காதில் கருவி மாட்டிக்கொண்டு வழியெல்லாம் பேசிச் செல்கிறவர்களைப் பார்த்துப் பழகிவிட்டதால் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு இடைஞ்சலாக இருந்தால் உதட்டசைவோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது சொல்ல நினைப்பதைத் தாளில் கிறுக்கலாம். வீட்டில் பிடிபட்டால் “என்ன சொன்னாய்?” என்ற கேள்வி வரும். “உன்னிடம் இல்லை” என்பதே போதுமான பதில்.